சிறகுள்ள பாம்புகள் உண்மையிலேயே இருந்தனவா?

இல்லை. ஆனால் அவற்றின் எலும்புகளைக் கண்ணால் பார்த்ததாக எழுதிவைத்தவர் ஒருவர் உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்தான் அவர்.

டிராகன் என்றதும் எல்லோரும் சீனாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போய்விடுகிறார்கள். எனக்கு இந்த அரேபியப் பாம்புகள் மீதுதான் ஆசை. இவை நெருப்பைக் கக்குவதில்லை, இளவரசியைத் தூக்கிச் செல்வதில்லை. உருவமும் சிறியதுதான். தண்ணீர்ப் பாம்பு போன்ற உடல், பல நிறம், இறகில்லாத வௌவால் சிறகு. தென் அரேபியாவில் குந்திரிக்கம் என்னும் நறுமணப் பிசினைத் தரும் ஒவ்வொரு மரத்தையும் இவை கூட்டமாகக் காவல் காக்குமாம். வேறொரு மரத்தின் பிசினை எரித்துப் புகை போட்டால்தான் விலகுமாம். இணைசேரும்போதே பெண் பாம்பு ஆணின் கழுத்தைக் கடித்துக் கொன்றுவிடும், பிறகு குட்டிகள் தாயின் வயிற்றைத் தின்று வெளியே வந்து தந்தைக்காகப் பழிவாங்கும். இப்படி நடக்காவிட்டால் மனிதர் உலகில் வாழவே முடியாது என்று அவர் கணக்கும் சொல்கிறார்.

இந்தக் கதையால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். கோயில்களில் எரிக்கக் குந்திரிக்கத்துக்கு அன்று பெரும் கிராக்கி. அது எங்கே, எப்படிக் கிடைக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாதவரை விற்பவர் சொன்னதுதான் விலை. இலவங்கப்பட்டையைப் பற்றியும் இதே ரகக் கதைகள் உலவின. பெரிய பறவைகள் கூடுகட்டக் கொண்டுபோகும் குச்சிகளைத்தான் மனிதர்கள் தந்திரமாக எடுத்து வருகிறார்களாம்! கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, பறவைக் கூடு, சிறகுப் பாம்பு எல்லாமே சரக்கின் விலையை ஏற்றக் கட்டிய கதைகள் என்று போட்டுடைத்தார். நான் பிளினியின் கட்சி.

எலும்புகள்? வசந்த காலத்தில் பாம்புகள் எகிப்தை நோக்கிப் பறந்து வரும், மலை இடுக்கு ஒன்றில் அரிவாள் மூக்கன்கள் அவற்றை மறித்துக் கொல்லும், அதனால்தான் எகிப்தியர் அந்தப் பறவையை வணங்குகிறார்கள் என்று ஹெரோடோட்டஸுக்குச் சொல்லப்பட்டது. அந்த இடுக்கில் எலும்புக் குவியல்களைப் பார்த்தார். உயிருள்ள பாம்பைப் பார்த்ததாக அவரே எழுதவில்லை. வெட்டுக்கிளி, புதைபடிவம் என்று ஆய்வாளர்கள் பலவாறு ஊகித்திருக்கிறார்கள். வழிகாட்டியின் வாய்ச்சாலகத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த வட்டாரத்துக்குச் சிறகு நாகம் புதிதும் அல்ல. எகிப்தின் நாகதெய்வமான வாஜெட்டைச் சிறகோடு வரைவது வழக்கம்; 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையின் நகைகளிலும் அது இருக்கிறது. கி.மு. 8ஆம் நூற்றாண்டு யூதேயா முத்திரைகளிலும் சிறகு நாகங்கள் உண்டு. தமிழ் விவிலியத்தின் ஏசாயா 30ஆம் அதிகாரத்தில் ‘பறக்கிற கொள்ளிவாய்ச் சர்ப்பம்’ வருவது தெற்குப் பாலைவனத்தைப் பற்றிய பகுதியில். பாம்புக் கதைக்கு ஏற்ற ஓவியம் எல்லோர் மனத்திலும் முன்பே தயாராக இருந்தது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பறக்கும் பாம்பைச் சொல்லி யாராவது மறுப்பார்கள், தெரியும். அது விலா எலும்புகளை விரித்து உடலைத் தட்டையாக்கி, காற்றில் நெளிந்தபடி மரத்துக்கு மரம் சறுக்குகிறது. அதற்குச் சிறகும் இல்லை, மேலெழும்பவும் முடியாது. அரேபியாவில் அந்த இனமே கிடையாது என்பதால் ஹெரோடோட்டஸுக்குச் சாட்சியாக அதை அழைக்க வழியில்லை.