மீன் குழம்புக்கு எந்த ரீஸ்லிங்?

கேள்வி: அத்தை மகன் ஜெர்மனியிலிருந்து ரெண்டு பாட்டில் ரீஸ்லிங் ஒயின் கொண்டுவந்து கொடுத்தான். ஒன்றில் மோசெல், காபினெட், 8.5% என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் ஃபால்ஸ், ட்ரோக்கன், 12.5%. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு நண்பர்கள் சாப்பிட வருகிறார்கள். விறால் மீன் குழம்பு, வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, கடைசியில் அசோகா. எதை எதோடு திறக்கலாம்? நம் ஊர்க் காரத்துக்கு ஒயினே சரிப்படாது என்கிறார் ஒரு நண்பர், இனிப்பு ஒயின் என்றாலே மட்டம் என்கிறார் இன்னொருவர். (கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதல் நண்பர் சொன்னது சிவப்பு ஒயினுக்குப் பொருந்தும். அதில் இருக்கும் துவர்ப்பு மிளகாயோடு சேர்ந்தால் நாக்கைப் பிடித்து இழுக்கும், மீனோடு சேர்ந்தால் ஒயினிலுள்ள இரும்புச்சத்து கவிச்சை வாடையைக் கிளப்பிவிடும், அப்படி ஒருநாள் மாட்டிக்கொண்டவர்தான் ஒயினே வேண்டாம் என்று முடிவுகட்டுவார். ரீஸ்லிங் வெள்ளை ஒயின். துவர்ப்பு ஏறக்குறைய இல்லை, மர வாசனையும் பெரும்பாலும் இருக்காது, புளிப்பு மட்டும் நன்றாகத் தூக்கலாக இருக்கும். புளி ஊற்றிச் சமைக்கிற ஊருக்கு அந்தப் புளிப்புதான் முக்கியம், ஏனென்றால் குழம்பைவிடப் புளிப்புக் குறைந்த ஒயினை அதோடு குடித்தால் வெறும் தண்ணீர் மாதிரி சப்பென்று போய்விடும்.

இரண்டாவது நண்பரோடுதான் எனக்குச் சண்டை. உங்கள் ரெண்டில் மோசெல்தான் இனிப்பு, உங்கள் மெனுவுக்கு அந்த இனிப்பு பாட்டில்தான் நாயகன்.

இனிப்பா இல்லையா என்று திறக்காமலே எப்படிக் கண்டுபிடிப்பது? மோசெல், ஃபால்ஸ் ரெண்டும் ஜெர்மனியில் ஒயின் விளையும் பகுதிகளின் பெயர், அதை விட்டுவிட்டு லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கிற ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். திராட்சைச் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுதான் ஆல்கஹால் உண்டாகிறது. முழுக்கத் தின்றுவிட்டால் 12, 13 வரை போகும், இனிப்பு இருக்காது. நடுவில் குளிரவைத்து நிறுத்திவிட்டால் 8, 9-இல் நின்றுவிடும், தின்னாத சர்க்கரை பாட்டிலிலேயே தங்கிவிடும். ஆக உங்கள் 8.5% மோசெல் இனிப்பானது, 12.5% ஃபால்ஸ் இனிப்பில்லாதது. ட்ரோக்கன், அதாவது இனிப்பில்லாதது, என்று போட்டால் லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். காபினெட் என்பது பறிக்கும்போது திராட்சை எவ்வளவு பழுத்திருந்தது என்பதைச் சொல்கிற தரம் மட்டும்தான், அதனால் காபினெட் ட்ரோக்கன் என்று சேர்த்துப் போட்ட பாட்டிலும் வரும், அது இனிக்காது.

இனிப்பு என்றதும் கடையில் விற்கும் திராட்சை ரசம் மாதிரி இருக்குமோ என்று பயப்படாதீர்கள். சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாற்றைக் குடிக்க முடியாது, சர்க்கரை போட்டால் தாகம் தீருகிறது, ஆனாலும் அதை யாரும் இனிப்புப் பண்டம் என்று சொல்வதில்லை; மோசெல் காபினெட்டும் அதே கணக்குதான். அந்த அளவு புளிப்பு எங்கிருந்து வருகிறது என்றால் குளிரிலிருந்து. மோசெல் ஆற்றங்கரையில் பலகைக்கல் மலைச்சரிவில் கொடி நிற்கிறது, ப்ரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு 60 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இருக்கிறது, வண்டி ஏறாது, பல இடங்களில் மனிதர்தான் ஏறிப் பறிக்க வேண்டும். பரம்படித்துச் சமன் செய்த வயலையே பார்த்து வளர்ந்த நமக்கு அதை விவசாய நிலம் என்று நம்பவே கஷ்டம். கோடை மிதமாக இருப்பதால் பழம் மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பு கரையாமல் நிற்கிறது. ரீஸ்லிங் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துப் பதிவு 1435-ஆம் வருடத்தியது, ரைன் பக்கம் ரூஸல்ஸ்ஹைம் ஊரில் கொடி வாங்கிய செலவுக் கணக்கு. அத்தனை காலமாக அந்தக் குளிரில் வளர்ந்து பழகிய கொடி அது.

இப்போது இலைக்கு வருவோம்.

வஞ்சிரம் வறுவலுக்கு ஃபால்ஸ் ட்ரோக்கன். கல்லிலிருந்து எடுத்த சூட்டில், எலுமிச்சை பிழியாமல் கொடுங்கள், எலுமிச்சை செய்கிற வேலையை ஒயின் செய்துகொள்ளும், எண்ணெய்ப் பிசுக்கை அலசிக்கொண்டு போகும். நாகூர்ப் பக்கம் போடுகிற இறால் வாடா கிடைத்தால் அதற்கும் இதுதான். சைவ நண்பர் யாராவது இருந்தால் கடப்பா வைத்து இட்லி கொடுங்கள், பாசிப்பருப்பும் தேங்காயும் அரைத்துவிட்ட அந்த மெதுவான ருசிக்கு ட்ரோக்கன் அழகாக எடுபடும்.

விறால் குழம்புக்கும் இறால் தொக்குக்கும் மோசெல். இங்கே இரண்டு வேலை நடக்கிறது. ஆல்கஹால் காரத்தின் எரிச்சலைத் தூண்டிவிடும், மோசெலில் அது 8.5% என்பதால் அந்தத் தொல்லை குறைவு. சர்க்கரை எரிச்சலைத் தணிக்கும். குழம்பு பிசைந்த ஒரு வாய் சோறு, மீன் துண்டு, விழுங்கியதும் ஒரு சின்ன மடக்கு. முதலில் இனிப்பு தெரியும், உடனே புளிப்பு எழுந்து குழம்பின் புளிப்போடு சேர்ந்துகொள்ளும், காரம் பின்னால் தள்ளிப்போகும், அப்புறம் மீனின் ருசி தனியாகத் தெரியும். இதற்காக மிளகாய்த்தூளைக் குறைக்க வேண்டாம், வீட்டில் வைக்கிற மாதிரியே வையுங்கள்.

ரசம், மோர், ஊறுகாயோடு ஒயின் வேண்டாம். ரசம் வரும்போது கிளாஸை நகர்த்திவிடுங்கள், ரசத்துக்குத் துணை தேவையில்லை என்பது என் கட்சி. அசோகாவோடும் வேண்டாம். பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருந்தால்தான் எடுபடும், நெய்யும் சர்க்கரையும் சொட்டுகிற அசோகாவுக்கு முன்னால் உங்கள் காபினெட் வெறும் புளித் தண்ணீராகத் தெரியும். அதைச் சாப்பிட்டுவிட்டு டிகிரி காபி குடியுங்கள், தீர்ந்தது.

குளிர்ச்சிதான் அடுத்தது, நம் பக்கம் ரொம்பப் பேர் கோட்டைவிடுவதும் இதில்தான். 8 முதல் 10 டிகிரி நல்லது. முதல் நாளே ஃப்ரிட்ஜில் வைத்து, பரிமாறுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் எடுத்தால் போதும். தஞ்சாவூர் வெயிலில் கிளாஸில் ஊற்றியது மளமளவென்று சூடேறும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு தடவைக்கு 60, 70 மில்லி ஊற்றுங்கள், பாட்டிலை ஐஸ் தண்ணீர் வாளியில் நிற்க வையுங்கள். கிளாஸுக்குள் ஐஸ் போடாதீர்கள். ஞாயிறு வரை பரணில் வைக்கலாம் என்று நினைத்திருந்தால் இப்போதே இறக்கி ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள், ஓட்டுக்கடியில் அடிக்கிற சூடு ஒயினைக் கெடுத்துவிடும். ஸ்டீல் டம்ளர் வேண்டாம், வாய் குறுகின கண்ணாடி கிளாஸ் எதுவானாலும் சரி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், மேலே இருக்கும் காலி இடத்தில்தான் வாசனை நிற்கும்.

மூக்கை விட்டுப் பாருங்கள். புத்தகங்களில் பீச், பச்சை ஆப்பிள் என்று எழுதியிருக்கும். நீங்கள் அதைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம், நார்த்தங்காய்த் தோல், பம்ளிமாஸ், மாங்காய்ப் பிஞ்சு, தேன் என்று உங்களுக்குத் தோன்றுவதைச் சொன்னால் போதும். சில பாட்டிலில், முக்கியமாக வயசான பாட்டிலில், மண்ணெண்ணெய் வாசனை வரும். கெட்டுப்போனது என்று கீழே கொட்டிவிடாதீர்கள். வெயில் பட்ட திராட்சையில் உருவாகும் பொருட்களிலிருந்து நாள்பட நாள்பட வரும் டிடிஎன் என்ற சேர்மத்தின் வாசனை அது, ரீஸ்லிங்கின் அடையாளமே அதுதான் என்று தேடிப் போகிறவர்களும் உண்டு. பாட்டில் அடியில் கற்கண்டுத் தூள் மாதிரி மினுங்கினால் அதுவும் கோளாறு இல்லை, குளிரில் உறைந்த டார்டாரிக் உப்பு.

நண்பர்களோடு என்றால் ஒரு விளையாட்டு. ரெண்டு பாட்டிலையும் தினத்தந்தித் தாளில் சுற்றி லேபிளை மறைத்துவிடுங்கள். இனிப்பில்லாதது முதலில், இனிப்பு அப்புறம், மாற்றினால் ட்ரோக்கன் கடுப்பாகத் தெரியும். சாப்பாடு வரும் முன் எது பிடித்தது என்று கேளுங்கள், மீன் குழம்பு பரிமாறியபின் திரும்பக் கேளுங்கள். இனிப்பு மட்டம் என்ற நண்பரைக் கடைசியில் பேசவிடுங்கள், முதலில் பேசினால் மற்ற மூவரும் அவர் சொன்னதையே சொல்வார்கள். ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும், குடித்தவர் யாரும் பைக்கில் திரும்ப வேண்டாம். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்குக் கொடுக்கவும் கூடாது.

மிச்சம் இருந்தால் மூடியைத் திருகி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாலு நாள் தாங்கும். இன்னும் வேண்டுமென்றால், வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரியில்லாமல் கொண்டுவரலாம், அதனால் அத்தை மகனிடமே 9 சதவீதத்துக்குக் கீழே இருக்கிற காபினெட்டாகப் பார்த்து எடுத்துவரச் சொல்லுங்கள். காரைக்கால் போய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பாதீர்கள், வாஞ்சூர் செக்போஸ்டில் பாட்டிலும் போகும், கேஸும் சேரும்.