சீரியலே கதி என்று இருக்கும் அம்மாவை நல்ல படங்கள் பார்க்க வைப்பது எப்படி?

மாலை ஆறரைக்கு உட்கார்ந்தால் பத்து மணி வரை அம்மா சீரியல் பார்க்கிறார், விருது வாங்கிய படம் எதையாவது போட்டுக் காட்டினால் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார், அவருடைய ரசனையை வளர்க்க வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் வெளியூரில் வேலை பார்ப்பவர், விடுமுறைக்கு வரும்போது மட்டும் அம்மாவோடு உட்கார்ந்து டிவி பார்ப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் 'ரசனையை வளர்க்க' என்பதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இதே பாட்டை என் தம்பி மகன் என் கடைக்கே வந்து பாடிவிட்டுப் போயிருக்கிறான்.

விருதுநகரில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். நானும் உதவிக்குச் சில பெண்களும். சுவரில் ஒரு டிவி. மத்தியானம் போட்டால் ஷட்டரை இறக்கும்வரை ஓடும். கொக்கி கட்டும்போதும் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கும்போதும் கண் துணியை விட்டு நகராது. காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் சீரியல்.

தம்பி மகன் சென்னையில் கணினி வேலை. உலக சினிமா பார்க்கிறவன். தீபாவளிக்கு முந்தைய வாரம், தரையெல்லாம் வெட்டுத்துண்டு குவிந்து கிடக்கிற நேரத்தில் கடைக்கு வந்தான். "அத்தை, இந்த மூக்குச் சிந்தலை எத்தனை காலத்துக்குப் பார்ப்பீர்கள்? நான் ஒரு படம் போடுகிறேன் பாருங்கள்" என்று கைபேசியை டிவியோடு இணைத்து 'கடைசி விவசாயி'யைப் போட்டான். காற்று அடிக்கிறது, பறவை கத்துகிறது, ஒரு பெரியவர் வயலில் நடக்கிறார், பேச்சே இல்லை. கைக்குழி வெட்டிக்கொண்டிருந்த பெண் இரண்டு முறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, டிவியில் சத்தம் போய்விட்டதா?" என்று கேட்டாள்.

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "காதுக்குள் வந்து கத்தினால்தான் உங்களுக்கெல்லாம் கதை புரியும்" என்றான். ஆமாம், அதேதான், அதிலென்ன குற்றம் என்றேன். அதற்குமேல் அவனோடு பேச நேரமில்லை. வாசலில் இரண்டு பேர் அளவு ரவிக்கையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன்.

சீரியலைச் சினிமாவின் அளவுகோலால் அளக்கிறீர்கள். சீரியலில் "வாருங்கள் மாமா, எப்போது ஊரிலிருந்து வந்தீர்கள்?" என்று ஒருத்தி சொல்லும்போதே யார் வந்தார், எங்கிருந்து வந்தார் எல்லாம் தெரிந்துவிடும். "ஏன் அந்தக் கடிதத்தைக் கிழிக்கிறாய்?" என்று கேட்டுவிட்டால், கிழிப்பதை நான் பார்க்க வேண்டியதில்லை. உங்களுக்கு அசட்டுத்தனமாகப் படுகிற அந்த வசனமும், முகத்துக்கு முகம் இடிக்கிற இசையும், கீரை ஆய்கிறவளுக்கும் துணி மடிக்கிறவளுக்கும் குறிப்புக் கொடுக்கத்தான். உங்கள் அம்மாவும் அந்த மூன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்? கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

இது டிவியோடு வந்த பழக்கமும் இல்லை. வானொலியில் முழுப் படத்தையும் சுருக்கி ஒலிச்சித்திரம் என்று போடுவார்கள். படத்தைப் பார்க்காமலே கதை முழுவதையும் சொல்லக்கூடியவர் என் அம்மா. 1984இல் 'விதி' வந்தபோது, அதன் நீதிமன்ற வசனம் கேசட்டில் ஏறிக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளில் எல்லாம் முழங்கியது. படத்தைக் காதால் பார்த்த ஊர் இது. அப்போது யாரும் எங்கள் ரசனையை வளர்க்க வரவில்லை.

'எதிர்நீச்சல்' சீரியல் ஓடிய நாட்களில் எங்கள் கடையில் நடந்தது இதற்குச் சரியான சாட்சி. படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயே அடைத்துவைக்கும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். அந்த இழுவையான தேனிப் பக்கத்துப் பேச்சைக் கேட்டாலே கடைப் பெண்கள் பல்லைக் கடிப்பார்கள். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று படங்களை இயக்கிய மனிதர் அவர். வீட்டுக்கு வீடு அவரைத் தெரியவைத்தது இந்தச் சீரியல்தான். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். பிறகு அந்த வேடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர், மிடுக்கான ஆள், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் குரல் முதலில் கேட்ட அன்று கடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் டிவியை நிமிர்ந்து பார்த்தோம். வீட்டுக்குள் வேறு ஆள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அதன்பிறகு அந்தத் தொடர் எங்களுக்கு ஒட்டவே இல்லை.

"சீரியலுக்கு வக்காலத்து வாங்குகிறாள், இவற்றால்தான் குடும்பங்கள் கெடுகின்றன" என்று பின்னூட்டம் எழுதக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாச் சீரியலும் நல்லது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பெரும்பாலானவை குப்பை. அதை உங்களைவிட நான் விவரமாகச் சொல்வேன். நின்றுபோகப் போகிற கல்யாணம் நிற்பதற்கு இரண்டு வாரம். வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் முடிந்துபோகிற சிக்கலுக்கு, கதாநாயகி மாதக்கணக்கில் வாய் மூடி அழுவாள். தூக்கத்தில், மயக்கத்தில், மிரட்டலில் தாலி கட்டிவிட்டால் அதுவும் கல்யாணம்தான் என்று அவளே வாதாடுவாள். அந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

இதற்குக் காரணமும் இருக்கிறது. முன்பு திங்கள் முதல் வெள்ளி வரை போட்டார்கள், பிறகு சனிக்கிழமையையும் சேர்த்தார்கள். வாரந்தோறும் வியாழக்கிழமை டிஆர்பி, அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு வருகிறது. எண் ஏறினால் இழுக்கிறார்கள், இறங்கினால் ஒருவரைக் கடத்துகிறார்கள். ஆறு நாளும் சோறு வடிக்க வேண்டிய அடுப்பில் பதம் எங்கே பார்ப்பது? வாரம் ஒருமுறை வந்த காலத்தில் இப்படி இல்லை. தொண்ணூறுகளில் நாகா இயக்கத்தில் வந்த 'மர்மதேசம்' ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டிய தொடர். இந்திரா சௌந்தர்ராஜன் கதை. 'விடாது கருப்பு' வந்த ராத்திரிகளில் எங்கள் வீட்டில் கொல்லைப்பக்கம் தனியாகப் போக ஆள் கிடையாது.

ஆனால் பழையதெல்லாம் பொன் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. 2002 முதல் 2005 வரை வந்த திருமுருகனின் 'மெட்டி ஒலி'யை 2020 ஊரடங்கில் மறுபடி போட்டார்கள். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவாக டெல்லி குமார் இன்றைக்கும் கண்ணைக் கலங்கவைக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் மாமியார் ராஜத்திடம் சரோ படுகிற பாட்டைப் பார்த்து அன்றைக்கு உருகிய எனக்கு, இந்த முறை எரிச்சல்தான் வந்தது. இவ்வளவையும் பொறுத்துக்கொள்வதுதான் நல்ல பெண் என்று எங்களுக்கு எத்தனை சாயங்காலங்களாகப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்!

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சீரியல்காரர்கள்மீது எனக்கு இருக்கும் பெரிய வழக்கு கதையைப் பற்றியதே அல்ல, ரவிக்கையைப் பற்றியது. வாடகை கொடுக்கக் காசில்லாத வீட்டுப் பெண் ஆரி வேலை செய்த ரவிக்கையோடு தோசை சுடுகிறாள். அது அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருப்பது எப்படி என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அவள் திரும்பும்போது ஒரு நொடி முதுகைப் பாருங்கள். இடுப்புப் பட்டிக்கு மேலே துணி ஒரு சின்ன மடிப்பாகக் குவிந்திருக்கும். அங்கே ஊக்குப் போட்டு இழுத்துப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைப் படம் பிடித்துக் கைபேசியில் கொண்டுவந்து, "அக்கா, அச்சு அசலாக இதே மாதிரி வேண்டும், நாளைக்குக் காலையில் கல்யாணம்" என்று நிற்கிறார்கள். லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைக்கவே ஒரு பொழுது வேண்டும் என்றால் யார் கேட்கிறார்கள்? தைத்துக் கொடுத்தால், டிவியில் இருந்ததுபோல் இல்லையே என்று கூலியில் பிடித்தம். ஊக்குக்கு நான் எங்கே போவேன்?

போகட்டும். 'கடைசி விவசாயி'க்கு வருகிறேன். தீபாவளி முடிந்து கடைக்கு விடுமுறை விட்ட நாள் ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து அதை முழுதாகப் பார்த்தேன். தம்பி மகனுக்காகப் பார்க்கவில்லை, அந்தப் பெரியவரின் முகம் மனதில் நின்றுவிட்டது. நடித்த நல்லாண்டி நிஜமாகவே விவசாயி. 2022இல் படம் வெளிவரும்போது அவர் உயிரோடு இல்லை. கதையில், செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக, கொன்றதாகச் சொல்லி அந்தப் பெரியவர்மீது வழக்கு. அவர் நீதிபதியிடம் தன் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். கடைசியில் அந்தப் பயிருக்குப் போலீஸ்காரர் ஒருவர் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதாகிறது. அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு அழுகையும் வந்தது. இதை இயக்கிய மணிகண்டனின் 'காக்கா முட்டை'யும் எனக்குப் பிடித்த படம்தான். அண்ணனும் தம்பியும் பீட்சாவுக்குக் காசு சேர்ப்பதை எத்தனை முறை போட்டாலும் பார்ப்பேன். பிடிக்காமல் போவது, இரண்டே முக்கால் மணி நேரம் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே இருக்கிற பெரிய நடிகர் படங்கள். பின்னணி இசையில் வசனமே காதில் விழுவதில்லை. அவற்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் யாரும் ரசனையை வளர்த்துக்கொள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆண்கள் கூட்டமாகப் பார்த்தால் கொண்டாட்டம், பெண்கள் வீட்டில் பார்த்தால் மூக்குச் சிந்தல்.

ஆகவே, ஐயா அல்லது அம்மா, யாராக இருந்தாலும் சரி, சீரியல் நேரத்தில் கையை வைக்காதீர்கள். அம்மாவுக்கு வேலை இல்லாத ஒரு மத்தியானத்தைத் தேடுங்கள். அப்படி ஒன்று கிடைக்கவில்லையென்றால் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள், கிடைத்துவிடும். படம் ஓடும்போது பக்கத்தில் உட்காருங்கள். "இப்போது பாருங்கள், இந்தக் காட்சிதான் முக்கியம்" என்று விளக்கம் சொல்லாதீர்கள். கைபேசியையும் நோண்டாதீர்கள். அப்போதும் அவர் பாதியில் எழுந்து போனால் விட்டுவிடுங்கள். படம் அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.