வென்தானா: ஸ்பானிய ஜன்னலும் லத்தீன் காற்றும் (கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, ஸ்பானியத்தில் ஜன்னலை 'வென்தானா' என்கிறார்களே, அது லத்தீன் சொல்லா?

பதில்: வேர் லத்தீன், சொல் ஸ்பெயினில் பிறந்தது. லத்தீனில் காற்று 'வென்துஸ்'. காற்று வரும் திறப்பு வென்தானா. கண்ணாடி சாதாரண வீடுகளுக்கு எட்டாத காலம் அது. ரோமர்கள் ஜன்னலைச் சொன்னது 'ஃபெனெஸ்த்ரா'. இத்தாலியர் இன்றும் 'ஃபினெஸ்த்ரா' என்கிறார்கள். பழைய ஸ்பானியத்திலும் 'ஃபினியெஸ்த்ரா' இருந்தது. வென்தானா வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. ஆளை ஜன்னல் வழியே வீசுவதற்கான 'தெஃபெனெஸ்த்ரார்' என்ற வினையில் பழைய வேர் இன்னும் தெரிகிறது. 1618-இல் பிராக் நகரில் அதிகாரிகளை ஜன்னல் வழியே வீசியதை இச்சொல்லால்தான் குறிப்பார்கள்.

கேள்வி: காற்று 'வியென்தோ' என்றால் ஜன்னல் ஏன் 'வியென்தானா' ஆகவில்லை?

பதில்: அருமையான கேள்வி. லத்தீனின் குறில் எகரம், அழுத்தம் தன்மேல் விழுந்தால்தான் ஸ்பானியத்தில் 'இயெ' ஆகும். வியென்தோவில் அழுத்தம் முதல் அசையில்; வென்தானாவில் 'தா'வில். தியெர்ரா (நிலம்), தெர்ரேனோ (மனை) இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ஒகரத்துக்கும் இதே கதைதான்: கதவு 'புவெர்தா', காவலாளி 'போர்தேரோ'.

கேள்வி: 'வென்தா' (விற்பனை) இதன் உறவா?

பதில்: இல்லை. அது 'வென்தேரே', விற்றல். ஒலி ஒத்தால் உறவு என்று எண்ணாதீர்கள்.

கேள்வி: ஸ்பானிய 'மூச்சோ'வும் ஆங்கில 'மச்'சும் ஒரே வேர்தானே?

பதில்: இல்லை. மூச்சோ லத்தீன் 'முல்தும்'. மேலே சொன்ன எச்சரிக்கையைப் படியுங்கள்.

கேள்வி: 'தீயா'வும் 'டே'யும்? இரண்டும் நாள்தானே!

பதில்: பொருளும் ஒத்தாலும் உறவில்லை. இந்த வகைக் கேள்விக்கு இனி பதில் எழுதமாட்டேன்.

கேள்வி: சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர்' வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அப்படியானால் ஸ்பானியர் நம்மிடம் எடுத்ததுதானே?

பதில்: எடுக்கவில்லை. எனக்கும் அந்த வரி உயிர். ஆனால் அதன் பெருமைக்குக் கடன் கதை தேவையில்லை. ஆங்கில 'விண்டோ' பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியரின் பழைய மொழி) 'விந்தௌகா'விலிருந்து வந்தது. பொருள் காற்றின் கண். மூன்று மக்கள், சுவரில் ஒரு துளை, உள்ளே வரும் காற்று. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. நம் புலவர் கண்ணையும் காற்றையும் சேர்த்தே வைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் 'ஜன்னல்' தமிழா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

பதில்: போர்ச்சுகீசிய 'ஜனேலா'. அதற்கும் முன்னால் லத்தீன் 'யானுவா', கதவு. ஜனேலா என்றால் சின்னக் கதவு. ஆக, ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆனாலும் ஒருவர் காற்றிலிருந்து பெயர் வைத்தார், மற்றவர் கதவிலிருந்து. நமக்கு வந்தது கதவு.

கேள்வி: மருத்துவக் குறிப்பில் மூக்குக்குப் பக்கத்தில் 'வென்தானா' என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில்: பிழையில்லை. நாசித் துவாரம். காற்று போகும் வழிதானே அதுவும்.