சக்கைத் தண்ணீர்: நீர்மின்சாரம் குறித்து ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புனல் மின் நிலையங்களில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது மன்னார்குடி அருகே சொந்த ஊரில் இருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் ஊர் விவசாயிகளிடம் நீர்மின்சாரத்தின் நன்மைகளைப் பற்றிப் பேசினேன். நிலக்கரி தேவையில்லை, புகை இல்லை, தண்ணீரும் செலவாவதில்லை என்று படங்களோடு விளக்கினேன். முடித்தவுடன் ஒருவர் எழுந்து, "அப்படியென்றால் கர்நாடகம் மேக்கேதாட்டுவில் காவிரிக்குக் குறுக்கே அணை கட்டட்டும் என்கிறீர்களா?" என்று கேட்டார். அதன்பின் நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. மக்களிடமும் திட்டம் வகுக்கும் அதிகாரிகளிடமும் இதை எப்படித்தான் எடுத்துச் சொல்வது?

ஒரு வாசகர், மன்னார்குடி

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியிலிருந்துதான் பேச்சே தொடங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. டெல்டாவில் நீர்மின்சாரம் என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர்களின் நினைவுக்கு வருவது விளக்கு அன்று. மேலே யாரோ மூடிவைத்திருக்கும் ஒரு மதகுதான் அவர்கள் கண்முன் நிற்கிறது.

என் தாத்தா மேட்டூர் அணைக்கு முந்தைய காவிரியையும் பிந்தைய காவிரியையும் பார்த்தவர். "கரண்டை உறிஞ்சிக்கொண்டு சக்கையைத்தான் நமக்கு விடுகிறார்கள்" என்று அவர் சொல்வார். பள்ளியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த நான் அதை அறியாமை என்று எண்ணி, அவருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். உயரத்திலிருந்து விழும் நீரின் விசை சுழலியைச் சுற்றுகிறது, நீரிலிருந்து எதுவும் எடுக்கப்படுவதில்லை என்று நான் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவர் பார்த்ததும் பொய்யில்லை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது. 1934-இல் அணை கட்டி முடிக்கப்படும்வரை ஆடி மாதத்துப் புதுவெள்ளம் செந்நிறமாக வண்டலைச் சுமந்துகொண்டு வயலுக்கு வந்தது. அதன்பின் அந்த வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிட்டது. சத்தைப் பறித்தது சுழலி அன்று, தேங்கி நின்ற நீர். காரணத்தைத்தான் தாத்தா மாற்றிச் சொன்னார், இழப்பைச் சரியாகச் சொன்னார். தங்கள் கூட்டத்தில் இருந்த முதியவர்களில் சிலரும் இதே நினைவோடு அமர்ந்திருக்கக்கூடும். இந்த இழப்பைத் தாங்களே முதலில் ஒப்புக்கொண்டால், அதன்பின் சொல்லும் நன்மைகளை அவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

"தண்ணீர் செலவாவதில்லை" என்பதும் அப்படிப்பட்ட ஒரு பாதி உண்மைதான். அளவு குறைவதில்லை என்பது சரி. எப்போது வருகிறது என்பது மாறக்கூடும். குறுவை நாற்றங்காலுக்கு ஜூனில் வேண்டிய நீர் செப்டம்பரில் வந்து சேர்ந்தால் ஆண்டுக் கணக்கில் ஒரு துளியும் குறையாது, ஆனால் கடைமடைக்காரருக்குக் குறுவையே இல்லாமல் போகும். 2018-இல் உச்ச நீதிமன்றம், தமிழக எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி) என்று தீர்ப்பளித்தபோது, அதை ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 என்று மாதவாரியாகப் பிரித்துப் பெறுவதற்கு நாம் ஏன் அவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறோம் என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது. மேக்கேதாட்டுத் திட்டத்தின் 400 மெகாவாட்டைக் காட்டி, "மின்சாரம் எடுத்த நீர் கீழேதானே வர வேண்டும்" என்று வாதிடுவோர் உண்டு. 67 டி.எம்.சி.யைத் தேக்கும் திறன் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் நாள்காட்டியும் இருக்கும் என்பது நம் விவசாயிகளின் பதில். அந்த அச்சத்துக்கு வரலாறும் உண்டு. கர்நாடகத்தில் காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்தில் 1902-இல் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அருவியின் இயல்பான வீழ்ச்சியே அதற்குப் போதுமானதாக இருந்தது. கோடையில் ஆறு மெலிந்தபோது மின்சாரமும் மெலிந்தது. ஆண்டு முழுதும் சீராக மின்சாரம் வேண்டும் என்பது கிருஷ்ணராஜசாகர் அணைக்கான காரணங்களில் ஒன்றாயிற்று. முதலில் மின்சாரம், பிறகு அதற்காகத் தேக்கம் என்ற அந்த வரிசையை டெல்டா மறக்கவில்லை.

இவ்வளவையும் சொன்னபின் தாங்கள் மேட்டூருக்கு வரலாம். அங்கே வரிசை தலைகீழானது. பாசனத்துக்காகத் திறக்கும் நீரே சுழலிகளின் வழியாக வருகிறது. வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும் காலத்தைப் பின்பற்றியே மின் உற்பத்தி ஏறி இறங்குகிறது. அணை மின் நிலையத்தில் 50, சுரங்க மின் நிலையத்தில் 200 மெகாவாட். வெளியேறிய அதே நீரைச் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை, பவானி கட்டளையின் மூன்று என ஏழு கதவணைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துகின்றன. ஒவ்வொன்றும் 30 மெகாவாட். நொடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் 1 டி.எம்.சி. அந்த ஒரு நாள் நீர் 30 மீட்டர் இறங்கினால், இழப்புகள் போக ஏறத்தாழ 20 லட்சம் யூனிட் கிடைக்கும். கல்லணைக்கு வந்து வெண்ணாற்றில் பிரிவதற்குமுன் நம் நீர் இவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பதை எங்கள் ஊரில் பலர் அறிந்ததே இல்லை. மேட்டூர் திறக்கத் தாமதமாகும் ஆண்டுகளில் பம்புசெட்டை நம்பித்தான் குறுவை நாற்று வளர்கிறது என்பதால், மின்சாரம் அவர்களுக்கும் வயல் சார்ந்த செய்திதான்.

அதிகாரிகளிடம் பேசுவது இதைவிட எளிது என்று தாங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற ஒற்றை எண்ணை மட்டும் பார்த்தால் மழை பொய்த்த ஆண்டில் நீர்மின்சாரம் தோற்றுப்போகும். நின்றிருக்கும் அனல் மின் அலகு முழுத் திறனை எட்டப் பல மணி நேரம் ஆகும். நீர்ச்சுழலிக்குச் சில நிமிடங்கள் போதும். சூரிய மின்சாரம் அடங்கி வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கும் மாலை வேளையில் அந்தச் சில நிமிடங்களின் மதிப்பு என்ன என்பதைத் தங்களைப் போல் நிலையத்தில் இரவுப்பணி பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும்.

டெல்டாவின் அச்சத்தைத் தொடாமல் பரிந்துரைக்கக்கூடிய வழியும் ஒன்று உண்டு. காடம்பாறையில் 400 மெகாவாட் திறனுள்ள நீரேற்று மின் நிலையம் நெடுங்காலமாக இருக்கிறது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு ஏற்கெனவே உள்ள நீர்த்தேக்கங்களையே மேலும் கீழுமாகக் கொண்டு திட்டமிட்டிருக்கிறார்கள். மிச்சமாகும் மின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கும் இம்முறையில் மீண்டும் மீண்டும் சுழல்வது ஒரே நீர். ஏற்றச் செலவாகும் மின்சாரத்தைவிடத் திரும்பக் கிடைப்பது குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் குந்தாவின் நீர் பவானி வழியாகக் காவிரிக்கு வர வேண்டியது. ஆகையால் எந்த மாதத்தில் எவ்வளவு நிறுத்தப்படும் என்ற அட்டவணை இல்லாமல் அதையும் இங்கே பேச வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்குப் படங்களை எடுத்துச் செல்ல வேண்டாம் என்பது என் வேண்டுகோள். மேட்டூர் திறந்தபின், ஆடிப்பெருக்குக்கு முன்பாக ஒரு நாள், கேள்வி கேட்ட அந்த விவசாயியையும் இன்னும் பத்துப் பேரையும் செக்கானூர் கதவணைக்கு அழைத்துப் போவோம். பேருந்துச் செலவில் பாதி என்னுடையது. உள்ளே நுழைந்த நீர் எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்ற பதிவேட்டை அவர்கள் கண்ணால் பார்க்க முறைப்படி அனுமதி பெற்றுத் தர வேண்டியது தங்கள் பொறுப்பு.

அன்புடன்.