எரியும் தூரம்

கேள்வி: கப்பலில் வேலை பார்க்கும் மகன் நார்வேயிலிருந்து பழைய கேமரா லென்ஸ் ஒன்று கொண்டுவந்தான். அதன் கையேட்டில் 'ப்ரென்விடெ 50 மி.மீ.' என்றிருக்கிறது. அகராதியில் பிரித்துப் பார்த்தால் 'எரி', 'அகலம்' என்று வருகிறது. லென்ஸில் எரிய என்ன இருக்கிறது?
- வாசகர், குளச்சல்

பதில்: பிரித்தது சரிதான். 'ப்ரென்' என்றால் எரிதல். 'விடெ' என்பது அகலம் மட்டுமல்ல. எட்டும் தூரம், பரந்த வெளி என்றும் பொருள்படும். நார்வேயின் பெரிய மலைச் சமவெளிக்கு ஹர்டாங்கர்விடா என்றே பெயர். ஆக, லென்ஸுக்கு அப்பால் எத்தனை தூரத்தில் வெயில் குவிந்து பொருளைச் சுடுமோ, அந்தத் தூரம். நம் பாடநூலில் இது 'குவியத் தொலைவு'. ஜெர்மன், டேனிஷ், ஸ்வீடிஷ் மொழிகளிலும் இதே கூட்டுதான். 1604-இல் கெப்ளர் எடுத்தாண்ட 'ஃபோகஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கும் அடுப்பு என்றே பொருள்.

நமக்கும் இது புதிதில்லை. வெயிலைக் குவிக்கும் சூரியகாந்தக் கல் தானாகப் பஞ்சைச் சுடாது, சூரியன் முன்னால்தான் சுடும் என்கிறது திருமந்திரம். 'குவியம்' அழகான சொல்தான். ஆனால் அந்தச் சூடு அதில் இல்லை.

கேள்வி: வெள்ளெழுத்துக் கண்ணாடியின் பவர் சீட்டு தொலைந்துவிட்டது. வீட்டிலேயே பவரைக் கண்டுபிடிக்கலாமா?
- வாசகி, தக்கலை

பதில்: ஓரளவு முடியும்; மேலே சொன்ன சொல்லே வழி. உச்சி வெயிலில் பழுப்பு அட்டையை, பிரேமின் நிழல் கோணாமல் விழும்படி சூரியனுக்கு நேராகச் சாய்த்து வையுங்கள். வெள்ளைத் தாள் கண்ணைக் கூசும். கண்ணாடியை அட்டைக்கு மேலே பிடித்து, மெல்ல விலக்குங்கள். ஒளிவட்டம் மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்தி, லென்ஸுக்கும் அட்டைக்கும் உள்ள தூரத்தை அளங்கள். 100-ஐ அந்த சென்டிமீட்டரால் வகுத்தால் பவர்: 50 செ.மீ. என்றால் +2, 40 என்றால் +2.5.

அந்த வட்டம் சூரியனின் உருவம். தூரத்தில் ஏறத்தாழ 108-இல் ஒரு பங்கு அகலம். 50 செ.மீ.க்கு நாலரை மி.மீ. வரும். ஊசிமுனை அளவு வரட்டும் என்று காத்திருந்தால் அளவு தவறிவிடும். வட்டம் நீண்டு தெரிந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது, அல்லது அதில் சிலிண்டர் பவர் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாக உள்ள பவர்) இருக்கிறது.

டியூப்லைட்டை வைத்து அளக்காதீர்கள். இரண்டரை மீட்டரில் இருக்கும் விளக்கு, 25 செ.மீ. லென்ஸை 27.8 என்று காட்டும். லென்ஸ் வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணாடியை வெயிலில் வைத்துவிட்டு எழுந்தும் போகாதீர்கள். மைனஸ் கண்ணாடிக்கு இந்த வழி உதவாது; அட்டையில் வட்டம் விழாது, நடுவில் நிழல்தான் விழும்.