டைல்ஸ் பாஸ் பதில்கள்: கிரவுட் உதிர்ந்தால் முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

மழை பிடித்ததும் எனக்கு வரும் கடிதங்கள் முழுக்கக் குளியலறைக் கடிதங்களாகிவிடும். இந்த முறையும் அப்படித்தான். முதல் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். மலையில் வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் அது பொருந்தும்.

மஸ்கெலியா வாசகி ஒருவர்: எங்களுக்குக் கிடைத்த 7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டிக் குடியிருக்கிறோம். பாத்ரூம் டைல்ஸுக்கு நடுவில் உள்ள வெள்ளைப் பூச்சு, அதான் கிரவுட், கறுத்துப்போய், கீழ் வரிசையில் மாவு மாதிரி உதிர்கிறது. டவுனிலிருந்து வந்த மேசன் பாஸ், எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். மகனோ, கிரவுட் பக்கெட் வாங்கித் தந்தால் நானே பூசுவேன் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

அக்கா, இரண்டு பேர் சொல்வதையும் இரண்டு நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். கிரவுட்டை உதிரவைக்கும் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று முதலில் தெரிய வேண்டும். குளிக்கும் தண்ணீர் முன்பக்கமாகப் பட்டுத் தேய்ந்திருந்தால் உங்கள் மகனே செய்யலாம். சுவருக்குப் பின்னாலிருந்து ஈரம் வந்தால் மகன் பூசினாலும் சரி, பாஸ் பூசினாலும் சரி, அடுத்த மழையில் மறுபடி உதிரும்.

நம் பக்கத்தில் மலையை வெட்டித்தான் வீடு கட்டுகிறோம். முன்வாசல் வெளிச்சமாக இருக்கும், பின்சுவர் மண்மேட்டை ஒட்டி நிற்கும். பெரும்பாலும் குளியலறையும் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கும். டிக்கோயாப் பக்கம் ஒரு வீட்டில் இப்படித்தான். கிரவுட் போடுவதும் உதிர்வதுமாகவே இருந்தது. கீழ் வரிசை டைல்ஸ் ஒன்றை நான் கழற்றியபோது, அதன் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. சாந்தை விரலால் அழுத்தினால் குழைந்தது. வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் மண்மேட்டுக்கும் சுவருக்கும் இடையில் தண்ணீர் ஓடும் கான் இருந்த இடமே தெரியவில்லை, சரிந்த மண் மூடிக் கிடந்தது. கானைத் தோண்டித் தண்ணீரை ஓரமாகத் திருப்பி, சுவர் காயும்வரை விட்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே கைவைத்தோம். அந்தச் சுவர் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒரு நாணயத்தின் விளிம்பால் டைல்ஸ் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. உள்ளே கூடாக இருப்பது மாதிரிச் சத்தம் வந்தால் அந்த டைல்ஸ் சாந்தை விட்டுவிட்டது என்று அர்த்தம். ஒன்றிரண்டு என்றால் அதை மட்டும் கழற்றி ஒட்டலாம். கீழ் வரிசை முழுக்க அப்படியென்றால் பாஸ் சொல்வது நியாயம்தான்.

அடுத்து, இரண்டு நாள் அந்தப் பக்கம் தண்ணீர் படாமல் வைத்துச் சுவரை நன்றாகத் துடைத்து, கிரவுட்டின் மேல் ஒரு பொலித்தீன் துண்டை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி விடுங்கள். மறுநாள் பொலித்தீனின் சுவர்ப்பக்கம் ஈரம் கோர்த்திருந்தால் தண்ணீர் உள்ளேயிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறையின் ஆவி. மூன்றாவது, தண்ணீர்த் தொட்டி. இரவில் தொட்டிக்கு வரும் வால்வையும் வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு, நீர் மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ பைப் ஒழுகுகிறது, முதல் வேலை அதுதான்.

இது மூன்றிலும் பிழை இல்லையென்றால் மகனிடமே வேலையைக் கொடுங்கள். அவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழைய கிரவுட்டின் மேலேயே புதியதைத் தடவக் கூடாது, பிடிக்கவே பிடிக்காது. டைல்ஸ் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குப் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும். கிரவுட் சுரண்டும் கருவி ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் உடைந்த ஹெக்சோ பிளேட் துண்டுக்குத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டாலும் போதும். டைல்ஸ் விளிம்பில் பளபளப்பு சிதறாமல் மெதுவாக இழுக்க வேண்டும். மூக்குக்கு மாஸ்க்கும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். அந்தத் தூசு நெஞ்சுக்கு மிகவும் கெடுதல்.

சுரண்டிய பிறகு தூசு முழுவதையும் பழைய டூத் பிரஷால் தட்டி எடுங்கள். இடைவெளி 3 மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் மணல் கலக்காத கிரவுட், கூடவென்றால் மணல் கலந்தது. வெறும் வெள்ளைச் சீமெந்தைக் கரைத்துப் பூசும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது காயும்போது சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும், வேண்டாம். கடையில் வாங்கும்போது பக்கெட்டைக் கையால் அமுக்கிப் பாருங்கள். நம் பனிக்கு மூட்டைக்குள்ளேயே கட்டி பிடித்துவிடும், கட்டி தட்டுப்பட்டால் வேறு கேளுங்கள்.

பற்பசைப் பதத்துக்குக் குழைத்து, பத்து நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி கிளறுங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் பலம் போய்விடும். இடைவெளிக்குக் குறுக்குச் சாய்வாக ரப்பர் கரண்டியால் அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். பூச்சு சற்று இறுகியதும் நன்றாகப் பிழிந்த ஸ்பஞ்சால் அதே குறுக்குச் சாய்வில் துடையுங்கள். ஸ்பஞ்சில் தண்ணீர் ஓடினால் நிறம் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

காய்வதற்கு நம் ஊரில் அவகாசம் வேண்டும். பக்கெட்டில் 24 மணித்தியாலம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் சூடான ஊர்க் கணக்கு. குளிரில் சீமெந்து மெதுவாகத்தான் இறுகும். காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடித்தால் பகல் வெப்பம் கிடைக்கும். குறைந்தது மூன்று நாள் அங்கே குளிக்காதீர்கள். காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மஸ்கெலியா, ஹற்றன் பக்கத்துக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் மார்கழி, தையில் மழையாக இருக்கும். அவர்களுக்கு ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரைதான் நல்லது.

பண்டாரவளையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: தரையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட் திரும்பத் திரும்ப வெடிக்கிறதே, ஏன்?

ஐயா, மூலையில் கிரவுட்டே போடக் கூடாது. தரையும் சுவரும் தனித்தனியாக அசையும். வெயிலுக்கும் குளிருக்கும் கூடிக் குறையும். சீமெந்து வளையாது, வெடிக்கத்தான் செய்யும். அந்த இடத்துக்கு, காய்ந்தாலும் ரப்பர் மாதிரி வளையும் சிலிக்கன்தான். பூஞ்சணம் பிடிக்காத குளியலறை சிலிக்கன் என்று கேட்டு வாங்குங்கள். பழைய கிரவுட் துளிகூட இல்லாமல் சுரண்டி, நன்றாகக் காயவைத்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் போட்டு, விரலால் ஒருமுறை நீவிவிட்டு, இறுகுமுன் டேப்பை உரித்துவிடுங்கள். ஈரத்தின் மேல் போட்ட சிலிக்கன் தோல் மாதிரி உரிந்து வரும். வேலை முடித்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக் கூடாது.

நுவரெலியாவில் வீட்டில் விருந்தினர் அறை நடத்தும் வாசகர்: கிரவுட்டின் மேல் கறை ஏறாமல் தடவும் சீலர் அடிப்பது நல்லதா, இல்லை சீமெந்துக்குப் பதிலாகப் பிசினால் ஆன எபொக்சி கிரவுட் போட்டுவிடுவதா?

இப்போது இருப்பது சீமெந்துக் கிரவுட் என்றால் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் சீலர் இன்னும் வேலை செய்கிறது. உறிஞ்சிக் கறுத்தால் அடிக்க வேண்டிய நேரம். புதிய கிரவுட் என்றால் டின்னில் சொன்ன நாட்கள் கழித்துத்தான் அடிக்க வேண்டும், சிலவற்றுக்கு 28 நாள் வரை கேட்பார்கள். மெல்லிய பிரஷால் இடைவெளியில் மட்டும் தடவி, டைல்ஸில் பட்டதை உடனே துடைத்துவிடுங்கள். சீலர் கறை ஏறுவதைத் தடுக்கும், ஒழுகும் சுவரை அடைக்காது. இந்த இரண்டையும் குழப்பித்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள்.

எபொக்சிக்கு சீலர் தேவையில்லை, தண்ணீரும் உறிஞ்சாது. நாள்தோறும் ஆட்கள் வந்து போகும் அறைக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் விலை பல மடங்கு. இரண்டு பகுதிகளைச் சரியான அளவில் கலந்து, இறுகுமுன் போட்டு, துடைத்தும் முடிக்க வேண்டும். டைல்ஸில் படிந்து காய்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. உங்கள் ஊர்க் குளிருக்கு அது களிபோல் தடித்துப்போகும், டின்களை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைக்க வேண்டும். இதை முன்பே செய்து பழகிய ஆளிடம் கொடுங்கள், நீங்களாக முயலாதீர்கள்.

விருந்தினர் குளித்து முடித்ததும் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு சுடுதண்ணீரில் குளித்தால் எந்தக் கிரவுட்டும் கறுக்கும். ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரு சின்ன எக்ஸோஸ்ட் ஃபேன் போடுங்கள்.

கொட்டகலை வாசகி: கறுப்பைப் போக்க ஆசிட் ஊற்றலாமா?

வேண்டாம் தங்கச்சி. ஆசிட் சீமெந்தையே அரிக்கும், வினாகிரியும் மெதுவாக அதையேதான் செய்யும். அப்பச்சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேயுங்கள். போகாவிட்டால் தண்ணீர் கலந்த பிளீச், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. பிளீச்சும் ஆசிட்டும் ஒருபோதும் ஒன்று சேரக் கூடாது. அதிலிருந்து வரும் வாயு உயிருக்கே ஆபத்து.

தலவாக்கலை வாசகர்: ஆள் பிடிக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

"பழைய கிரவுட்டை எவ்வளவு ஆழத்துக்கு எடுப்பீங்க?" என்று கேளுங்கள். மேலோடு பூசினால் போதும் என்பவரை வைக்காதீர்கள். மூலைக்கு என்ன போடுவார் என்றும் கேளுங்கள், சிலிக்கன் என்றால் வேலை தெரிந்தவர். தரையை உடைப்பதாக இருந்தால், டைல்ஸ் ஒட்டுமுன் வோட்டர்புரூப் பூசி, காய்ந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிவைத்துக் காட்ட வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சாமான்களை நீங்களே வாங்கி, மிச்சப் பக்கெட்டை நிற இலக்கத்தோடு எடுத்து வையுங்கள். சின்ன வேலைக்கு நாள் கூலியே மேல், கொந்தராத்து என்றால் அவசரப்படுவார்கள். பணத்தில் ஒரு பகுதியைக் கிரவுட் காய்ந்து நீங்கள் குளித்துப் பார்க்கும்வரை வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் டைல்ஸ் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது இந்த வேலைகளை ஒப்படைப்பது வழக்கம். அவர்கள் கை நல்ல கை, நான் பார்த்திருக்கிறேன். வந்த முதல் நாளே கொடுத்துவிடுங்கள். திரும்பிப் போக பஸ் ஏறுவதற்கு முந்திய நாள் கொடுத்தால் காய்ந்த பிறகு பார்த்துச் சரிசெய்ய ஆள் இருக்காது.