நிமிர்ந்து உட்கார பெல்ட் வாங்கலாமா?

கேள்வி: வயது 34. நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. மாலையானால் கழுத்தும் தோள்பட்டையும் இறுகிப்போகின்றன. எக்ஸ்ரேயில் கழுத்தின் இயல்பான வளைவு குறைந்திருப்பதாக வந்திருக்கிறது. கூன் விழுந்துவிடும் என்று பயமுறுத்தி, நிமிர்த்தும் பெல்ட்டும் 20 சிட்டிங் சிகிச்சை பேக்கேஜும் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: பெல்ட் வேண்டாம். பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள். இந்த எக்ஸ்ரேயை வைத்துக் கூன் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

'வளைவு குறைந்துள்ளது' என்ற வரி வலியே இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் சர்வசாதாரணமாக வரும். படம் எடுக்கும்போது தாடையைக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தாலே வளைவு நேராகத் தெரியும். முதுகு வலி இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) தேய்மானம் இருந்தது. 50 வயதில் 80 சதவீதம். இதை ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி அச்சடித்துக் கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும். யார் செய்கிறார்கள்? ஐந்து நிமிடத்தில் ஆளை அனுப்பியாக வேண்டும் என்றால், கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதைவிடப் படத்துக்கு எழுதிக் கொடுப்பது சுலபம்.

அப்புறம் பெல்ட். போட்டிருக்கும்வரை தோளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். கழற்றியதும் தோள் பழைய இடத்துக்கு வந்துவிடும். விற்பவர்கள் காட்டும் படம் ஒன்று உண்டு: போனைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் என்று. அது 2014-இல் கம்ப்யூட்டர் மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, உயிருள்ள கழுத்தில் அளந்தது அல்ல. உங்களை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, கோடு போட்டு, ஒரு தோள் இறங்கியிருக்கிறது என்பார்கள். யாருக்குத்தான் இறங்கவில்லை? 20 சிட்டிங் என்று முதல் நாளே எண்ணிக்கை சொல்பவர் உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்லவில்லை.

இறுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் அசையாமல் இருப்பதுதான். சிறு தசைகள் மணிக்கணக்கில் விடாமல் வேலை செய்தால் களைத்துப்போகும். விறைப்பாக நிமிர்ந்தே மூன்று மணிநேரம் உட்கார்ந்தாலும் இதே கதைதான். அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். முதுகுச்சாய்வு தாழ்வாக உள்ள, சக்கரமில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளைப் பிடரியில் கோத்து, சாய்வின் மேல்விளிம்பு தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே படும்படி மெதுவாகப் பின்னால் வளையுங்கள். இடுப்பு வளையக்கூடாது, நெஞ்சு திறக்க வேண்டும். எட்டுப் பத்து முறை போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்டை எதிரே கட்டி முழங்கைகளைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சி. ஆறேழு வாரம் பொறுங்கள். கை பலமிழந்தாலோ நடை தடுமாறினாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்கு இறுக்கம் மாலையில், சரி. இதுவே காலையில் எழும்போது இறுகி, அரைமணிக்கு மேல் விடாமல் இருந்தால்? பின்னிரவில் இடுப்பு வலி எழுப்பிவிட்டு, நடந்தால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடினால்? 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதத்தைத் தாண்டினால் அது உட்காரும் விதத்தால் வந்ததாக இருக்காது; முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். அங்கைலோசிங் ஸ்பான்டிலைடிஸ் இந்த வகைதான். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முதுகு நிஜமாகவே வளைந்து இறுகிவிடும். கொடுமை என்னவென்றால், கூன் வரும் என்று உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் கண்ணில் இந்த நோயாளிகள் படுவதேயில்லை. பெல்ட், மசாஜ், வலி மாத்திரை என்று வருடக்கணக்கில் அலைகிறார்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். எம்ஆர்ஐயில்தான் முதலில் தெரியலாம். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், என்னிடமும் எலும்பு டாக்டரிடமும் நேரத்தைக் கழிக்காமல் நேராக வாதநோய் நிபுணரிடம் (ருமட்டாலஜிஸ்ட்) அனுப்புங்கள்.